கைடுக்கே பிடித்துப்போன மீம்

கேள்வி: வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் எனக்கு இது ஐந்தாவது ஆண்டு. இரண்டு ஆண்டுகளாகப் புனைபெயரில் ஒரு மீம் பக்கம் நடத்துகிறேன். ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையை மதிப்பிடும் இரண்டாம் ரிவ்யூவரின் அட்டகாசம், மாநாட்டில் காலி நாற்காலிகளுக்கு உரையாற்றியது, பரீட்சைத் தாள் திருத்தும் கொடுமை எல்லாம் அதில் வரும். என் ஆய்வுக் கட்டுரையைப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்; மீம் பார்க்கிறவர்களை எண்ண முடியாது. சென்ற வாரம் என் கைடே (ஆய்வு நெறியாளர்) அதில் ஒன்றை எடுத்து லேப் குழுவில் போட்டு, "யார் செஞ்சதோ, நம்ம லேப் மாதிரியே இருக்கே!" என்று சிரித்திருந்தார். அத்தியாயத்தைத் திருத்தக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தே எலும்புக்கூடாகிவிட்ட ஒருத்தியின் படம் அது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அடுத்த ஆண்டு போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி), உதவிப் பேராசிரியர் பணி என்று விண்ணப்பிக்க வேண்டும். இது நான்தான் என்று தெரிந்தால், விளையாட்டுப் பிள்ளை என்று ஒதுக்கிவிடுவார்களா? பக்கத்தை மூடிவிடவா? கைடிடம் உண்மையைச் சொல்லிவிடவா? அறைத்தோழி வேறு, "தீசிஸ்ல எழுத வேண்டியதையெல்லாம் மீம்லயே எழுதி முடிச்சிடுவ போல" என்கிறாள். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அது தைத்துவிட்டது. (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புள்ள ஐந்தாம் ஆண்டு ஆய்வாளருக்கு,

நீங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த மீம்கள் அனைத்தையும் பார்த்தேன். ஆய்வு மாணவர்களுக்கு உளவியல் ஆலோசனை சொல்வது என் தொழில் என்பதால் இதைத் தொழில்முறைக் கடமை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் சிரிப்பதற்காகத்தான் பார்த்தேன். "மூன்றாம் ஆண்டு: எப்போது முடிப்பாய் என்று கேட்டவர்களிடம் கோபப்பட்டேன். ஐந்தாம் ஆண்டு: நானே கேட்கிறேன்" என்பது அருமை.

முதலில் உங்கள் கேள்விகளுக்குச் சுருக்கமான விடை. பக்கத்தை மூட வேண்டாம். கைடிடம் ஓடிப்போய் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் உங்கள் அறைத்தோழி சொன்னதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

விளையாட்டுப் பிள்ளை என்ற பயத்தை முதலில் தள்ளி வைப்போம். ஆய்வு உலகம் வெளியே தெரிவதுபோல் அவ்வளவு இறுக்கமானது அல்ல. 1974-ல் டென்னிஸ் அப்பர் என்ற உளவியலாளர், எழுத முடியாமல் தவிப்பதைத் தனக்குத் தானே குணப்படுத்த முயன்று தோற்றதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைப்பு இருந்தது, ஆசிரியர் பெயர் இருந்தது. அதற்குக் கீழே எதுவுமே இல்லை, வெற்றுத்தாள். ரிவ்யூவரும் சளைத்தவர் இல்லை. எலுமிச்சைச் சாறும் எக்ஸ்ரேயும் வைத்து மிகக் கவனமாக ஆராய்ந்தேன், ஒரு குறைகூடக் கண்ணில் படவில்லை என்று எழுதினார். அந்தக் குறிப்பும் கூடவே அச்சானது. இதற்கு அடுத்த ஆண்டு ஜாக் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர் தனியாக எழுதிய கட்டுரையில் "நாங்கள்" "நாங்கள்" என்றே போட்டுவிட்டார். ஒருவர் மட்டும் எழுதிய கட்டுரையில் அப்படி வந்தால் ஆய்விதழ் ஏற்காது என்று சக ஊழியர் எச்சரித்தார். தட்டச்சுக் காலம், முழுக்கத் திரும்ப அடிக்க வேண்டும். அவர் தன் பூனையை எஃப். டி. சி. வில்லார்ட் என்ற பெயரில் இணை ஆசிரியராகச் சேர்த்துவிட்டார். கட்டுரை வெளிவந்தது இயற்பியலின் மிகப் பெரிய ஆய்விதழ்களில் ஒன்றில். இன்று கட்டுரையில் பெயர் வர வேண்டும் என்று அலைகிற இரண்டாம் ஆண்டு மாணவர்களை நினைத்தால், அந்தப் பூனைமேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வருகிறது.

ஆந்த்ரே கெய்ம் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காந்தப்புலத்தில் தவளையை மிதக்கவிட்டதற்காக 2000-ல் இக் நோபல் என்ற கேலிப் பரிசை மைக்கேல் பெர்ரியோடு பகிர்ந்துகொண்டார். பத்து ஆண்டு கழித்து, கிராஃபீன் என்ற ஓரணு தடிமனுள்ள கார்பன் படலத்துக்காக உண்மையான நோபல் பரிசே வந்தது. இடையில் தான் வளர்த்த வெள்ளெலியை இணை ஆசிரியராகப் போட்டு ஒரு கட்டுரையும் எழுதியிருக்கிறார்.

இவற்றையெல்லாம் சொல்லி உங்களைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடலாம். பல ஆலோசனைக் கட்டுரைகள் அதைத்தான் செய்கின்றன. ஆனால் ஹெதரிங்டனும் கெய்மும் அந்த வேடிக்கையைச் செய்தபோது பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தவர்கள். பேராசிரியர் செய்தால் அது ஆளுமையின் சுவை, ஆய்வு மாணவி செய்தால் பொறுப்பின்மை. ஆய்வு உலகின் இந்தப் பாரபட்சத்தை நீங்களே ஒரு மீமில் சொல்லியிருக்கிறீர்கள். எனவே உங்கள் பயம் முழுக்கக் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். புனைபெயர் நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது ஒருநாள் உடையலாம். உடைந்தால் எது உங்களைக் காப்பாற்றும், எது காட்டிக்கொடுக்கும் என்று இன்றே பக்கத்தை ஒருமுறை முழுதாகப் புரட்டிப் பாருங்கள்.

புரட்டும்போது ரிவ்யூவர் அறிக்கையை அப்படியே படம் பிடித்துப் போட்ட அந்த இரண்டை எடுத்துவிடுங்கள். வரிகள் சிரிப்பானவைதான், "ஆசிரியர்கள் தங்கள் தாய்மொழியில் எழுதியிருக்கலாம், அப்போதும் புரிந்திருக்காது" என்பதைப் படித்து நானும் சிரித்தேன். ஆனால் பல ஆய்விதழ்கள் இந்தக் கடிதப் போக்குவரத்தை இரகசியமாகவே கருதுகின்றன. அறிக்கையை எழுதியவர் அதைப் பார்த்த மறுநிமிடம் நீங்கள் யார் என்று கண்டுபிடித்துவிடக்கூடும். பல ஆய்விதழ்களில் கட்டுரையை அனுப்பியவர் யார் என்று ரிவ்யூவருக்குத் தெரிந்திருக்குமே.

அப்புறம் விடைத்தாள் மீம்கள். இதில் நான் கொஞ்சம் கறாராகத்தான் பேசுவேன். பதினெட்டு வயதுப் பையனோ பெண்ணோ தேர்வு அறையில் பதற்றத்தில் எழுதிய ஒரு வாக்கியத்தை அவர்களுக்குத் தெரியாமல் ஆயிரக்கணக்கானோர் முன் வைப்பது கேலியல்ல. உங்களுக்கு ரிவ்யூவர் செய்வதை நீங்கள் அவர்களுக்குச் செய்கிறீர்கள். அதில் இன்னும் ஒரு படி மோசம், ரிவ்யூவராவது உங்களுக்கு மட்டும்தான் அனுப்பினார். இருப்பதை அழித்துவிடுங்கள், இனிப் போடவேண்டாம். நாளை வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் யாராவது உங்கள் பக்கத்தைக் கண்டுபிடித்தால் மற்ற மீம்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடும். இதைப் பார்த்தால் சிரிக்கமாட்டார், வகுப்பறையை உங்களை நம்பி ஒப்படைக்கலாமா என்று யோசிப்பார். அவர் யோசிப்பது நியாயம்.

இனி அறைத்தோழிக்கு வருவோம்.

நகைச்சுவையை ஆராய்ந்தவர்களில் ராட் மார்ட்டின் என்ற உளவியலாளர் முக்கியமானவர். அவரும் அவர் குழுவினரும் 2003-ல் வெளியிட்ட ஒரு வினாப்பட்டியல், மனிதர்கள் சிரிப்பை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதை நான்காகப் பிரித்தது. மற்றவர்களோடு ஒட்டிக்கொள்ளச் சிரிக்க வைப்பது ஒன்று. கஷ்டத்திலும் தனக்குத் தானே தெம்பு சொல்லிக்கொள்வது இன்னொன்று. பிறரைக் குத்துவது மூன்றாவது. மற்றவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தன்னையே மட்டம் தட்டிக்கொள்வது நான்காவது. முதல் இரண்டும் உள்ளவர்கள் பொதுவாக மனநிலையில் நன்றாகவே இருக்கிறார்கள். நான்காவது, தன்மதிப்புக் குறைவோடும் பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றோடும் சேர்ந்தே வருகிறது. எது எதற்குக் காரணம் என்று அதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் இரண்டும் சேர்ந்து நடக்கின்றன என்பது ஆலோசனை அறையில் எனக்கும் பழகிய காட்சி. லேப்பிலேயே அதிகம் சிரிக்க வைக்கிறவர்தான் கதவைச் சாத்திக்கொண்டு அதிக நேரம் அழுவார்.

உங்கள் மீம்களை இந்த நான்கில் போட்டுப் பார்த்தேன். ஆய்விதழ்களையும் மாநாடுகளையும் பற்றியவை முதல் வகை. எங்கோ இருக்கும் ஒரு மாணவர் அதைப் பார்த்து "அட, நமக்கு மட்டும் இல்லையா" என்று மூச்சு விடுவார். அது பெரிய உதவி. அவற்றைத் தொடருங்கள். ஆனால் சமீபத்தியவற்றில் உங்களைப் பற்றி எழுதும்போது ஒரே பாட்டு: நான் சோம்பேறி, நான் முட்டாள், எப்படியோ தவறுதலாக உள்ளே வந்துவிட்டேன், என்றைக்காவது காவலாளி வந்து வெளியே தள்ளப்போகிறார். இந்த உணர்வை 1978-லேயே பாலின் கிளான்ஸும் சூசன் ஐம்ஸும் ஒரு கட்டுரையில் விவரித்துவிட்டார்கள். அவர்கள் கவனித்தது நன்றாகச் சாதித்த பெண்களைத்தான்: பட்டமும் பாராட்டும் வாங்கிய பிறகும், தங்களை ஏமாற்றுக்காரர்களாக நினைத்தவர்கள். ஆகவே அந்தக் காவலாளி வரும்போது உங்களோடு வரிசையில் நிற்கப்போகும் கூட்டம் பெரியது. உங்கள் கைடும் அதில் நிற்கலாம்.

இதில் உங்கள் சோம்பேறித்தனத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்கு மீம் செய்கிறவர் காலையில் அத்தியாயம் எழுதமாட்டார். ஆனால் நீங்கள் உங்கள்மேல் போட்டுக்கொள்ளும் பழியில் பெரும்பகுதி உங்களுடையது அல்ல. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட ஆய்வாளர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2017-ல் வெளிவந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் வரும் ஆபத்து தெரிந்தது. உயர்கல்வி பெற்று வேறு வேலைகளில் இருப்பவர்களோடு ஒப்பிட்டபோதும் இவர்கள் நிலை மோசமாகவே இருந்தது. வேலைச்சுமை, வேலையும் குடும்பமும் மோதிக்கொள்வது, கைடு எப்படி நடத்துகிறார் என்பது போன்றவற்றோடு அது தொடர்புபட்டிருந்தது. மூன்றில் ஒருவர் வழுக்கி விழும் படிக்கட்டில் செருப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

எண்ணிக்கைப் பைத்தியமும் இதில் சேர்த்தி. எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், கட்டுரையையும் மேற்கோளையும் சேர்த்துக் கணக்கிடும் எச் இண்டெக்ஸ் எவ்வளவு. ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகளின் நிறையை அளந்து 2015-ல் வெளிவந்த கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கம்; அதில் 24 பக்கம் ஆசிரியர்களும் அவர்களுடைய நிறுவனங்களும்தான். அந்தத் துகளுக்குப் பெயர் கொடுத்த பீட்டர் ஹிக்ஸோ 1964-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைகளுக்குப் பிறகு பத்துக்கும் குறைவாகவே எழுதினார். சமீபத்திய வெளியீடுகளின் பட்டியல் அனுப்புங்கள் என்று துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தால், "எதுவுமில்லை" என்று பதில் அனுப்புவாராம். 2013-ல் நோபல் வாங்கப் போகும் வழியில் ஒரு பேட்டியில், இன்றைய காலத்தில் எனக்குப் பல்கலைக்கழக வேலையே கிடைத்திருக்காது என்றார். அந்த "எதுவுமில்லை" என்ற ஒற்றைச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். அதில் தன்னை மட்டம் தட்டிக்கொள்வது துளியும் இல்லை. கேட்கப்பட்டது, உண்மையைச் சொன்னார், அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, நான் ஒரு சோம்பேறி என்ற ஒப்பாரியும் இல்லை.

உங்கள் மீம்களில் நான் கவனித்த வேறொன்று இதைவிட முக்கியம். நான்காம் அத்தியாயம் திரும்பத் திரும்ப வருகிறது. தூசி படிந்த மேசை, சிலந்தி வலை பின்னிய மின்னஞ்சல் பெட்டி, எலும்புக்கூடு. அத்தியாயம் கைடிடம் போய் ஒரு பருவம் முழுதாக ஆகிவிட்டது என்று ஒரு மீமின் கீழ் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் எலும்புக்கூடு படத்தைச் சொன்னதோடு சரி, உங்கள் அத்தியாயத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை! என்னிடம் நீங்கள் கேட்டது பக்கத்தை மூடவா, பெயர் கெட்டுவிடுமா என்பதைத்தான். அத்தியாயத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்று கேட்கவில்லை.

கைடு பகிர்ந்ததும் அதே எலும்புக்கூட்டைத்தான். யோசித்துப் பாருங்கள். உலகத்தில் எந்த ஒருவருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டுமோ, அவருக்கே போய்ச் சேர்ந்தது. அவர் பார்த்தார், ரசித்தார், நம்ம லேப் மாதிரியே இருக்கிறது என்று அடையாளமும் கண்டார். அத்தியாயம் வந்ததா?

கேலியின் கோளாறு இங்கேதான். சொல்ல முடியாததைச் சொல்ல வைக்கிறது, சரி. ஆனால் சொன்ன திருப்தியையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. நீங்கள் ஒரு குறையைச் சிரிப்பாக்கி வெளியே விட்டதும் உங்களுக்கு உள்ளே இருந்த அழுத்தம் அடங்கிவிடுகிறது. கேட்டவரும் சிரித்துவிட்டதால் தன் பங்கு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார். நேரில் பேசும்போதும் நீங்கள் இப்படித்தான் இருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். "சார், என் அத்தியாயம் நலமா, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறதா?" என்று கேட்டிருப்பீர்கள். அவரும் சிரித்திருப்பார். இவள் ஜாலியாகத்தான் இருக்கிறாள், அவசரமில்லை என்று அடுத்த வேலைக்குப் போயிருப்பார். இவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. நிறைய கைடுகள் சத்தம் வரும் பக்கம் முதலில் ஓடுகிறார்கள். உங்கள் பக்கமிருந்து வருவது சிரிப்புச் சத்தம்.

ஆகவே மீம் யார் போட்டது என்பதை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. மீமுக்குள் இருப்பதைச் சொல்ல வேண்டும். ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சிரிப்புக் குறி, "தொந்தரவுக்கு மன்னிக்கவும்", "நீங்கள் எவ்வளவு பிஸி என்று தெரியும்" எதுவும் இல்லாமல், ஏறத்தாழ இப்படி:

"வணக்கம். நான்காம் அத்தியாயத்தைச் சென்ற பருவத் தொடக்கத்தில் உங்களுக்கு அனுப்பியிருந்தேன். அடுத்த ஆண்டு பணி விண்ணப்பங்களுக்கு முன் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டியிருப்பதால், இந்த மாத இறுதிக்குள் உங்கள் திருத்தங்கள் எனக்குத் தேவை. முழு அத்தியாயத்துக்கு நேரம் இல்லையென்றால் முறையியல் பகுதியை மட்டும் முதலில் பார்த்துத் தர முடியுமா? வியாழன் அல்லது வெள்ளி அரை மணி நேரம் நேரில் பேச வசதிப்படுமா?"

எழுதி முடித்ததும் நடுவில் எங்காவது ஒரு ஜோக்கைச் செருக உங்கள் கை பரபரக்கும். செருகாதீர்கள். பதில் வரவில்லையென்றால் ஒரு வாரத்தில் நினைவூட்டல். அதற்கும் இல்லையென்றால் உங்கள் ஆய்வுக் குழுவில் இருக்கும் இன்னொரு பேராசிரியரிடம், புகாராக அல்ல, தேதி தவறிவிடும் என்ற கவலையாகச் சொல்லுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் கைடைத் தவிர இன்னொருவராவது உங்கள் ஆய்வுக்குப் பொறுப்பாக இருப்பார். அவர் இருப்பதே ஐந்தாம் ஆண்டில்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது.

நேர்காணலைப் பற்றியும் ஒன்று. உங்கள் பக்கம் உங்களுக்குக் கெடுதல் செய்வதைவிட, உங்கள் பேச்சுப் பழக்கம் அதிகக் கெடுதல் செய்யும் என்பது என் கணிப்பு. "உங்கள் ஆய்வின் முக்கியப் பங்களிப்பு என்ன?" என்று கேட்பார்கள். "இதுவரை மூன்று பேர் படித்திருக்கிறார்கள், அதில் ஒருவர் என் அம்மா" என்ற விடை உங்கள் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். குழுவில் எல்லோரும் சிரிப்பார்கள். வெளியே வந்ததும் அவர்கள் கையில் இருக்கும் தாளில் அந்தக் கேள்விக்கு எதிரே எழுத ஒன்றும் இருக்காது. முதலில், உங்கள் ஆய்வில் நீங்கள் கண்டுபிடித்ததை இரண்டே வாக்கியத்தில், முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அதற்குப் பிறகு அம்மாவைக் கூப்பிடலாம். இதைக் கண்ணாடி முன்னால் பழகவேண்டாம், அறைத்தோழி முன்னால் பழகுங்கள். அவர் எளிதில் ஏமாறுகிறவர் இல்லை என்று தெரிகிறது.

தோல்விகளையே சொல்லிச் சிரிக்க வேண்டுமென்றால் அதற்கும் நல்ல முன்மாதிரி உண்டு. ஜொஹான்னஸ் ஹௌஷோஃபர் என்ற பேராசிரியர் தனக்குக் கிடைக்காத இடங்கள், வேலைகள், பரிசுகள், நிராகரிக்கப்பட்ட கட்டுரைகள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு 2016-ல் இணையத்தில் வைத்தார். கடைசியில், நான் செய்த ஆய்வுகள் அனைத்தையும் சேர்த்தாலும் இந்தப் பட்டியலுக்குக் கிடைத்த கவனம் கிடைக்கவில்லை என்று அதையும் ஒரு தோல்வியாகச் சேர்த்துக்கொண்டார். அங்கே ஓரிடத்திலும் அவர் தன்னை முட்டாள் என்று எழுதவில்லை. என்ன நடந்தது என்று மட்டும் எழுதினார், அதுவே சிரிப்பாக இருந்தது. உங்கள் அடுத்த சில மீம்களில் "நான் ஒரு..." என்று தொடங்குவதை விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் வைத்துச் சிரிக்க வைக்க முடிகிறதா என்று பாருங்கள். உங்கள் கை அதற்கு வரும்.

தூக்கத்தை மறந்துவிடவில்லை. கைடு பார்த்துவிட்ட பதற்றத்தில் சில நாள் தூக்கம் கெடுவது இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால், அல்லது எழுதுவதிலும் சிரிப்பதிலும்கூட ருசி போய்விட்டது என்று தோன்றினால், உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆலோசனை மையத்துக்கோ மருத்துவரிடமோ நேரில் போங்கள். கடிதத்தில் என்னால் பார்க்க முடியாததை அவர்கள் பார்ப்பார்கள். போகும்போது அங்கேயும் எல்லாவற்றையும் ஜோக்காகச் சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்து அனுப்பிவிடாதீர்கள். நாங்கள் எளிதில் சிரித்துவிடுகிறவர்கள்.

அந்த மின்னஞ்சலை வெள்ளிக்கிழமை மாலை அனுப்ப வேண்டாம். அனுப்பினால் திங்கள் வரை பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள், இடையில் ஏழெட்டு மீம்களும் பிறந்துவிடும். திங்கள் காலை ஒன்பது மணிக்கு அனுப்பிவிட்டு, ஐந்தாம் அத்தியாயத்தின் கோப்பைத் திறங்கள்.